தூரிக்கும் பியானோவுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர்

எங்கள் வீட்டு ஆசாரத்தின், அதாவது முன்கூடத்தின், தரையில் மூன்று வார காலம் ஒரு காகிதப் பியானோ கிடந்தது. பழைய செய்தித்தாள்களை மைதாப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, 151 செ.மீ. நீளமும் 146 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு சிறிய கிராண்ட் பியானோவின் வடிவத்தை என் மகள் கத்தரித்து விரித்திருந்தாள். இடப்பக்கம் நேர்கோடு, வலப்பக்கம் இடுப்பு போன்ற வளைவு, பின்னால் குறுகி முடியும் வால். அதை யாரும் மிதிக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும் என்பது வீட்டு விதி. நிஜப் பியானோ வந்தபின் அதன் ஊடாக யாரும் நடக்க முடியாதல்லவா? வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழி எவ்வளவு சுருங்கும், வாசிப்பவர் நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்திருக்க இடம் மிஞ்சுமா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தைச் சுற்றி நடந்துதான் எங்களுக்குப் புரிந்தது. வாசிப்பவருக்கென்று முன்னால் மூன்றடி விட வேண்டும் என்பதை அளவு நாடா சொல்லவில்லை. என் கணவர் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

இடைஞ்சல் தூரியால் வந்தது. ஊஞ்சலை எங்கள் பக்கத்தில் தூரி என்போம். என் மாமியார் மாலையில் அமர்ந்து ஆடும் தேக்குப் பலகை பின்னே போகும்போது, காகித வாலுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. 151 செ.மீ. என்றால் பிழைத்தோம். அதற்கு அடுத்த அளவான 161 செ.மீ. என்றால் பலகை வந்து இடிக்கும்.

இந்தப் பத்து சென்டிமீட்டருக்காக மூன்று வாரம் யோசித்தோம் என்று சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கலாம். பியானோவில் பத்து சென்டிமீட்டர் என்ன செய்யும் என்று எனக்கும் முதலில் தெரியாது.

கிராண்ட் வாங்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு ஆடம்பரத்தால் வரவில்லை, பட்ட அடியால் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான, நின்ற வாக்கில் இருக்கும் பழைய அப்ரைட் பியானோ ஒன்றை ஒரு வியாபாரியிடம் வாங்கினோம். பார்க்கப் புதிதுபோல் பளபளத்தது. முதல் கோடையில், மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறியபோது, அதன் சுருதி இறங்கத் தொடங்கியது. சுருதி சேர்ப்பவரை வரவழைத்தோம், சேர்த்துவிட்டுப் போனார், பத்து நாளில் மறுபடி இறங்கியது. இரண்டாம் முறை வந்தபோது அவர் கம்பியை இறுக்கும் ஒரு முறுக்காணியில் சாவியைப் பொருத்தி லேசாகத் திருப்பிக் காட்டினார். கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல் இறுக்கமாக வர வேண்டிய ஆணி, வெண்ணெயில் சொருகிய கரண்டிபோல் சுழன்றது. பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் உண்டு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் ஆணிக்குத் தனிப் பூட்டு கிடையாது. பல அடுக்காக ஒட்டிய கடின மரக் கட்டையின் இறுக்கம் ஒன்றே அதற்குப் பிடிமானம். அந்தக் கட்டை ஏற்கெனவே உலர்ந்து துளைகள் தளர்ந்திருந்ததை மினுக்கிய வெளிப்பூச்சு மறைத்துவிட்டது. ஆகவே பழைய பியானோ பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேல்மூடியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், சுருதி சேர்ப்பவர் ஒருவரைக் கையோடு அழைத்துப் போய் முறுக்காணிகளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அப்ரைட்டை ஒப்பேற்றியபடியே மகள் பியானோத் தேர்வுகளில் ஆறாம் கிரேடுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் அவளுடைய ஆசிரியை ஒருநாள் என்னை உட்காரவைத்துப் பேசினார். "கொழந்தைக்கு வெரல் வேகம் இருக்குதுங்க, பொட்டிக்குத்தான் இல்லீங்க" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை அறிய, விரலால் வாசிக்கும் கட்டையை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்ரைட்டில் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. சுத்தியல் முன்னிருந்து பின்னாகப் போய் அடிக்கிறது. திரும்பி வர வில்லும் நாடாவும் துணை செய்ய வேண்டும். கிராண்டில் கம்பிகள் படுத்திருக்கின்றன; சுத்தியல் கீழிருந்து மேலெழும்பி அடித்துவிட்டுத் தன் எடையாலேயே விழுகிறது. அத்துடன் பாரிஸில் பியானோ செய்த செபாஸ்டியன் எரார்ட் உருவாக்கி, 1821இல் காப்புரிமை பெறப்பட்ட இரட்டை விடுவிப்பு என்ற அமைப்பும் கிராண்டில் இருக்கிறது. அதனால் கட்டை முழுவதும் மேலே வரும்வரை காத்திராமல், பாதி வழியிலேயே மறுபடி அழுத்தி அதே சுரத்தை ஒலிக்கச் செய்யலாம். ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றி வேகமாக அடிக்கும் இடங்களில் எங்கள் அப்ரைட் இரண்டில் ஒன்றை விழுங்கியதற்கும், மகள் அதைத் தன் தவறென்று நினைத்து அழுததற்கும் காரணம் இந்த ஓர் உறுப்பு இல்லாமைதான். இடப்பக்கத்து மிதிகட்டையிலும் வேறுபாடு உண்டு. அப்ரைட்டில் அது சுத்தியல்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்து ஒலியைக் குறைக்கிறது. கிராண்டிலோ கட்டைப் பலகை முழுவதையும் ஒரு பக்கமாக நகர்த்தி, மூன்று கம்பிகள் இருக்கும் இடத்தில் இரண்டை மட்டும் அடிக்கவைத்து, ஒலியின் நிறத்தையே மாற்றுகிறது.

டிஜிட்டல் பியானோ ஏன் கூடாது என்று கேட்டவர்கள் பலர். கூடும், விலையும் குறைவு, சுருதியும் சேர்க்க வேண்டாம், இரவில் காதில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். எங்களுக்கு மரமும் கம்பியும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒலியின் கணக்கு வேறு. இதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கிராண்ட் என்றாலே ஒலி பெரிது என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. ஐந்தடிக்குக் குறைவான கிராண்டுக்கு அது பொருந்தாது. பியானோவின் அடிச் சுரம் நொடிக்கு 27.5 அதிர்வு. அவ்வளவு மெதுவாக ஒரு கம்பி அதிர வேண்டுமானால் அது நீளமாக இருக்க வேண்டும், அல்லது கனமாக இருக்க வேண்டும், அல்லது தளர்ந்திருக்க வேண்டும். தளர்த்தினால் ஒலி கெடும். மேடையில் வைக்கும் 274 செ.மீ. கிராண்டில் நீளத்துக்குப் பஞ்சமில்லை. 151 செ.மீ. பெட்டியிலோ கட்டைப் பலகைக்கும் சுத்தியல் அமைப்புக்கும் போக மிஞ்சுவது கொஞ்சமே. ஆகவே எஃகுக் கம்பியின்மேல் செம்புக் கம்பியைத் தடிக்கச் சுற்றிக் கனத்தால் சரிக்கட்டுகிறார்கள். தடித்த குட்டைக் கம்பி, கம்பிபோல் மட்டும் அதிராமல் கொஞ்சம் கழிபோலவும் அதிர்கிறது. அதனால் அடிச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகள் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே போய் விழுகின்றன. காதுக்கு அடிச் சுரம் ஒரு சுரமாகக் கேட்காமல், தகரத்தைத் தட்டியதுபோல் மங்கிக் கேட்கிறது. தம்புராவின் மந்தரத் தந்தியைக் கேட்டு வளர்ந்த காது இதை உடனே கண்டுகொள்ளும். இன்னொன்றும் உண்டு: 131 செ.மீ. உயரமுள்ள நல்ல அப்ரைட்டில் கம்பிகள் மூலைக்கு மூலை சாய்வாக ஓடுவதால், அதன் அடிக்கம்பி ஐந்தடிக் கிராண்டின் அடிக்கம்பியைவிட நீளமாகவே இருக்கக்கூடும். அடிச் சுரத்தின் ஒலி ஒன்றுக்காகவே வாங்குபவர் அந்த உயர அப்ரைட்டை வாங்கலாம். என் கணிப்பில் அது நல்ல முடிவு. சிறிய கிராண்டை அதன் தொடுகைக்காகவே வாங்க வேண்டும். அப்படி வாங்கும்போது வீடு அனுமதிக்கும் கடைசி அங்குலம் வரை நீளத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தத் தெளிவோடுதான் பியானோ பார்க்கச் சென்னைக்குப் போனோம். 1842இல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கி இன்று மியூசி மியூசிக்கல் என்று அண்ணா சாலையில் நிற்கும் கடையை நினைத்தால், பியானோவுக்கும் அந்த ஊருக்கும் உள்ள பழக்கம் நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கும் முந்தியது என்பது விளங்கும். அங்கும் வேறு இடங்களிலும் ஒரு நாள் முழுவதும் வாசித்துப் பார்த்தோம். மகள் தேர்வுக்குத் தயார் செய்த பாடல்களை வாசிக்கப் போனாள், நான் தடுத்துவிட்டேன். பழகிய பாடலை வாசித்தால் காது பாட்டைக் கேட்கும், பெட்டியைக் கேட்காது. அதற்குப் பதிலாக, அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு கட்டையாக, ஒரே மென்மையில், மெதுவாக ஏறி வரச் சொன்னேன்.

செம்பு சுற்றிய கம்பிகள் முடிந்து வெறும் எஃகுக் கம்பிகள் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல பியானோவில் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக் கேட்டால் தெரியக் கூடாது. 151இல் தெளிவாகத் தெரிந்தது. கனத்த குரலில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மூக்கால் பேசத் தொடங்கியதுபோல் இருந்தது. 161இல் தேடினால்தான் கிடைத்தது. 173இல் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆனால் 173 எங்கள் ஆசாரத்தில் நுழைந்தால் நாங்கள் வெளியேற வேண்டியதுதான்.

இரண்டாவது சோதனை கட்டைகளின் உட்புறம். நாம் காணும் கட்டை, மூடிக்குப் பின்னே நீளும் ஒரு நெம்புகோலின் முன்பகுதி மட்டுமே. நெடிய பியானோவில் அது நீளமாகவும் குட்டையானதில் குட்டையாகவும் இருக்கும். ஏற்றக்கட்டையில் நுனிக்கு அருகே உட்கார்வதும் நடுவில் உட்கார்வதும் ஒன்றாகாதல்லவா, அதுபோல நெம்புகோல் குட்டையானால், கருங்கட்டைகளுக்கு நடுவே விரலை உள்ளே விட்டு அழுத்தும்போது கை கனக்கிறது. மகள் இரண்டிலும் மாறி மாறி அதைச் செய்து பார்த்துவிட்டு, "பெரிசுல உள்ள வாசிச்சாலும் கை நோவுலீங்கம்மா" என்றாள். பத்து சென்டிமீட்டர் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு அன்று கிடைத்த பதில் அது.

என் அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் நாற்பது ஆண்டுகள் கோவையில் பம்பு உறைகளும் மோட்டார் உடல்களும் வார்த்த பவுண்டரிக்காரர். சங்கீதம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. விற்பனையாளர் மேல்மூடியைத் தூக்கி நிறுத்தியதும், பொன்னிறப் பூச்சுக்கடியில் இருந்த சட்டத்தைக் குனிந்து பார்த்தவர், அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார். 230 கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 18 முதல் 20 டன். அதைத் தாங்குவது ஒரே துண்டாக வார்த்த அந்த இரும்புச் சட்டம். இத்தாலியின் புளோரன்ஸில் 1700 வாக்கில் கிறிஸ்டோஃபோரி செய்த முதல் பியானோக்களில் இரும்புச் சட்டம் இல்லை. பாஸ்டன் நகரத்து அல்ஃபியஸ் பாப்காக் 1825இல் ஒற்றை வார்ப்பு இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் கம்பிகளை இவ்வளவு முறுக்கும் துணிவு வந்தது.

அப்பா விரல் கணுவால் சட்டத்தின் ஓரத்தைத் தட்டினார். ஒலி வரவில்லை, மரத்தைத் தட்டியதுபோல் மொத்தென்றது. "நல்ல சாம்ப இரும்பு, கண்ணு. லேத்து பெட்டு ஊத்தற மாதிரி ஊத்தியிருக்கறாங்க. கம்பி பாடோணும், இது பாடக்கூடாது" என்றார். எனக்குப் பிறகு புத்தகங்களில் கிடைத்த விளக்கமும் அதுதான்: சாம்பல் வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், அதிர்வை விழுங்கும். யமஹா இந்தச் சட்டங்களை வெற்றிட முறையில் வார்க்கிறது. பசையில்லாத நுண்மணலை மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குப் பின்னே காற்றை உறிஞ்சி இறுக்கி அச்சாக்குவதால் மேற்பரப்பு மழமழப்பாக வருகிறது. ஸ்டெயின்வே மணல் அச்சிலேயே நிற்கிறது. அதற்காக ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் ஓ.எஸ்.கெல்லி என்ற பவுண்டரியை 1999இல் தானே வாங்கிக்கொண்டது. இதைச் சொன்னபோது அப்பாவுக்கு ஸ்டெயின்வேமேல் தனி மரியாதை வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் 155 செ.மீ. மாடலின் விலையைச் சொன்னதும் மரியாதையோடு நிறுத்திக்கொண்டார்.

இனி எங்கள் ஊரின் காற்று. கிணத்துக்கடவுப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசல் வழியாக, ஆனி ஆடியில் கேரளத்து ஈரம் நேராக எங்கள் ஜன்னலுக்கு வருகிறது. மாசி பங்குனியிலோ உதடு வெடிக்கும் வறட்சி. ஈரமானி ஒன்றை வாங்கி ஓராண்டு ஆசாரத்தில் மாட்டிவைத்துக் குறித்தேன். பங்குனிப் பிற்பகலில் 35 சதவீதத்தைத் தொட்ட முள், ஆடியில் 75ஐத் தாண்டியது. பியானோவுக்கு நல்லது 40க்கும் 60க்கும் நடுவே அதிகம் ஆடாமல் நிற்பது. காரணம், கம்பிகளின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கும் ஒலிப்பலகை. ஸ்ப்ரூஸ் மரத்தில் நடுவே லேசாக மேடிட்டுச் செய்யப்பட்ட அந்தப் பலகை ஈரத்தில் உப்பி, கம்பிகளைத் தாங்கித் தன்மேல் நிற்கும் பாலத்தைத் தூக்கி அவற்றை முறுக்குகிறது, சுருதி ஏறுகிறது. வறட்சியில் அது அமர, சுருதி இறங்குகிறது. ஈரம் சுருதியை மாற்றும் என்பது மிருதங்கத்தை வெயிலில் காட்டுபவர்களுக்குப் புதிதல்ல.

இதற்குச் செய்யக்கூடியவை சில. வெளிச்சுவர், மேற்கு வெயில் விழும் சுவர், ஜன்னலடி மூன்றும் ஆகா. ஏ.சி.யைப் போட்டுப் போட்டு நிறுத்துவது, போடாமலே இருப்பதைவிடக் கெடுதல். பியானோவின் அடியில் பொருத்தும் ஈரக்கட்டுப்பாட்டுக் கருவி கிடைக்கிறது; மின்சாரம் தொடர்ந்து வேண்டும் என்பதால் அதை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டோம். சுத்தியல் அமைப்பில் மரத்துக்குப் பதிலாகக் கார்பன் கலந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தும் கவாய் நிறுவனத்தின் பியானோவை இதற்காகவே விரும்புபவர்கள் உண்டு. அது உப்பாது என்பது உண்மையே, ஆனால் ஒலிப்பலகை அந்தப் பெட்டியிலும் மரம்தான். எலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுத்தியல்களின் கம்பளித் தக்கையைப் போல் எலிக்குப் பிடித்த மெத்தை வேறில்லை. தோட்டத்து வீட்டில் வாசித்து முடித்ததும் மூடியை மூடுவது விளக்கணைப்பதைப் போன்ற பழக்கமாக வேண்டும்.

அறையும் ஒரு வாத்தியமே. எங்கள் ஆசாரம் 18க்கு 14 அடி, மொசைக் தரை, சுண்ணாம்பு பூசிய வெறுஞ்சுவர்கள். கைதட்டினால் திருப்பித் தட்டும். அதில் கிராண்டின் மூடியைத் திறந்து வைத்தால் காது வலிக்கும். தரைக்கு விலையுயர்ந்த கம்பளம் வேண்டும் என்றார்கள். பவானி ஜமுக்காளம் இரண்டை நான்காக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பியானோ வரப்போகும் இடத்தில் போட்டு மறுபடி கைதட்டிப் பார்த்தோம். எதிரொலி பாதியாக அடங்கியது. எதிர்ச்சுவரில் ஒரு புத்தக அலமாரியை நகர்த்தியதும் மீதியில் பெரும்பகுதி போயிற்று. நேர்கோட்டு இடப்பக்கம் உட்சுவரை ஒட்டவும், மூடி திறக்கும் வலப்பக்கம் அறையை நோக்கவும் வைக்க வேண்டும் என்பதால், பியானோவை வேறு மூலைக்குத் திருப்பித் தூரியைக் காப்பாற்றும் வழியும் அடைபட்டது.

ஆக, மிஞ்சியது அந்தப் பத்து சென்டிமீட்டர். மகள் காகிதத்தின் வாலில் ஒரு துண்டை ஒட்டி நீட்டினாள். நானும் கணவரும் தூரிச் சங்கிலியைச் சுருக்கலாமா என்று அளந்துகொண்டிருந்தோம். மாமியார் பலகையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"பத்து சென்டினா எத்தன வெரக்கட, அம்மிணி?"

"அஞ்சு வெரக்கட இருக்குமுங்க அத்தை."

"அஞ்சு வெரக்கடைக்கா மூணு வாரமா ரோசன பண்ணீட்டு இருக்கறீங்க? கொக்கிய ஒரு மொழம் அக்கட்டால தள்ளிப் போட்டாத் தீந்துது."

அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கூரையில் புதுக் கொக்கி வைகாசியில் ஏறியது, 161 செ.மீ. பியானோ அதற்கடுத்த வாரம் வந்தது. 290 கிலோ. கால் மூன்றையும் மிதிகட்டைக் கூட்டையும் கழற்றி, கம்பளி சுற்றி, நேர்ப்பக்கம் தரையில் படும்படி பக்கவாட்டில் நிறுத்தி, சறுக்குப் பலகையில் வைத்து ஆறு பேர் உள்ளே தள்ளினார்கள். அப்பா வாசலில் நின்று, யாரும் கேட்காமலே, லேத் இறக்குவதற்கான உத்தரவுகளை வழங்கிக்கொண்டிருந்தார்.

புதுப் பியானோவுக்கு முதலாண்டில் நான்கு முறை சுருதி சேர்க்க வேண்டும்; கம்பிகள் இன்னும் நீண்டுகொண்டே இருக்கும். முதல்முறைக்கு ஆடியில், காற்று கதவைப் பிடித்து ஆட்டிய ஒரு நாளில், சுருதி சேர்ப்பவர் வந்தார். நடுவிலுள்ள சுரங்களே மிகுதியாக ஏறியிருந்தன. நடுப்பகுதியில் ஒரு சுரத்தை நொடிக்கு 440 அதிர்வில் ஆதாரமாக நிறுத்தி, அங்கிருந்து இருபுறமும் விரித்துக்கொண்டு போனார். அடிப்பக்கம் போகப் போக, கணக்குக்கு நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினார். குட்டைக் கம்பியின் பிழையைக் காதுக்கு ஏற்றபடி மறைக்கும் வேலை அது. கடைசிக் கம்பியைச் சேர்த்துவிட்டு அதை ஓங்கி ஒருமுறை அடித்தார். தூரியில் இருந்த மாமியார் ஆட்டத்தைக் காலால் ஊன்றி நிறுத்தி, அது அடங்கும்வரை கேட்டார். "கொஞ்சம் கட்டையாத்தான் பேசுதுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஆடத் தொடங்கினார்.